கணுக்களின் சமநிலையும் சட்டகத்தின் சாய்வும்: கட்டமைப்புக் கணக்குகளில் பிரீகண்டிஷனர்கள்

1930-இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ், அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் வெளியீட்டில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். தொடர் உத்தரங்களையும் சட்டகங்களையும் சமன்பாடே எழுதாமல் ஒரு தாளில் கூட்டிக் கழித்துத் தீர்க்கும் வழி அதில் இருந்தது. மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் என்று நம்மூர் சிவில் மாணவர்கள் இன்றும் தேர்வுக்குப் படிப்பது அதைத்தான். கணினி வந்தபின் அந்த முறை பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடிக்கணக்கான மாறிகள் கொண்ட இன்றைய கணக்குகளைத் தீர்க்கும் முறைகளின் இரண்டு பாதிகளும் அந்தத் தாளிலேயே இருக்கின்றன.

முதல் பாதியை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரே நீளமும் ஒரே குறுக்குவெட்டும் உள்ள மூன்று கண் கொண்ட தொடர் உத்தரம். இரு கடைசி முனைகளும் இறுகப் பிணைக்கப்பட்டவை. நடுவில் இடது, வலது என இரண்டு தாங்கிகள். இடது கணுவில் 100 அலகு திருப்புத்திறன் சமன்படாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணுவை மட்டும் சுழலவிட்டால் அந்த 100, இருபுறமும் ஐம்பது ஐம்பதாகப் பிரியும். ஒருபுறத்து ஐம்பதில் பாதி, 25, வலது கணுவுக்குக் கடத்தப்படும். வலது கணு அதை 12.5, 12.5 எனப் பிரித்துக்கொண்டு 6.25-ஐத் திருப்பி அனுப்பும். ஒரு சுற்றில் 100 பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. அடுத்த சுற்றில் 0.39, அதற்கடுத்து 0.02. அதற்கு மேல் போக யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இதையே அணியாக எழுதினால் மூலைவிட்டத்தில் 8, அதற்கு வெளியே 2. இரண்டின் விகிதமான நான்கில் ஒன்றின் வர்க்கம்தான் அந்தப் பதினாறில் ஒன்று. அதாவது கிராஸ் செய்தது காஸ்–சைடல் மறுசெய்கை. அவர் அதை அணியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காஸ் 1823-இலேயே நில அளவைக் கணக்குகளுக்கு இந்த வழியைத் தன் பழைய மாணவர் கெர்லிங்குக்குக் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அரைத்தூக்கத்தில்கூடச் செய்யலாம் என்பது அவர் அதற்குக் கொடுத்த சான்றிதழ். மூலைவிட்டம் வலுவாக இல்லாத அணிகளில் இது தடுமாறும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. 1845-இல் யாக்கோபி, மறுசெய்கையைத் தொடங்குமுன் சில சுழற்சிகளால் அணியின் பெரிய வெளியுறுப்புகளை அழித்துவிட்டுப் பிறகு தொடங்கினார். கணக்கைத் தீர்க்குமுன் தீர்ப்பதற்கு வாகாக மாற்றிக்கொள்வது என்ற எண்ணத்தின் ஆரம்பங்களில் இது ஒன்று. அப்படி மாற்றித்தரும் கருவியைத்தான் இன்று பிரீகண்டிஷனர் என்கிறார்கள்.

இரண்டாம் பாதி, சாய்வு. பக்கவாட்டில் காற்றுவிசை தள்ளும் பல மாடிச் சட்டகத்துக்கு மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷனை அப்படியே போட முடியாது. முதலில் ஒவ்வொரு மாடியும் பக்கவாட்டில் நகராதபடி கற்பனையாக முட்டுக்கொடுத்து, கணுக்களைச் சமன்செய்து, பிறகு மாடி மாடியாக மொத்தத்தையும் நகர்த்தி வேறொரு கணக்குப் போட்டு, இரண்டையும் சேர்க்க வேண்டும். மாணவர்கள் வெறுக்கும் பகுதி இது. ஆனால் காரணம் ஆழமானது. கணு கணுவாகச் செய்யும் திருத்தம் ஒரு நேரத்தில் அடுத்த கணுவுக்குத்தான் போகும். கட்டடமே ஒருபக்கமாகச் சாயும் அசைவில் ஒவ்வொரு கணுவின் சமனின்மையும் சின்னது, மொத்த இடப்பெயர்ச்சியோ பெரியது. அதை உள்ளூர்த் திருத்தங்களால் துரத்திப் பிடிக்க முடியாது. காஸ்பர் கானி தன் முறையில் மாடிச் சாய்வைச் சுற்றுக்குள்ளேயே கொண்டுவந்தார். பிரிட்டனில் ரிச்சர்ட் சவுத்வெல் தன் ரிலாக்சேஷன் முறையில், ஒரு கூட்டம் கணுக்களை மொத்தமாக நகர்த்தும் தொகுதித் திருத்தங்களைச் சேர்த்தார். உள்ளூரில் சமன்செய், ஊர் மொத்தத்தையும் தனியாக நகர்த்து: பின்னால் வந்த எல்லா நல்ல பிரீகண்டிஷனர்களும் இந்த இரண்டையும் ஏதோ ஒரு வடிவில் செய்கின்றன. ஒன்றை மட்டும் செய்தவை ஒரு கட்டத்தில் தேங்கிப்போயின.

1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரின் விமானக் கட்டமைப்புக் கட்டுரையும், 1960-இல் கிளஃப் சூட்டிய ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரும் வந்தபின், கையால் செய்யும் மறுசெய்கைக்கு வேலை போயிற்று. விறைப்பு அணியை நேரடியாகக் காரணிப்படுத்துவதே வழக்கமாயிற்று. அதற்கான கருவி பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆந்த்ரே-லூயி ஷொலெஸ்கியுடையது. நில அளவைக்காக அவர் வகுத்த முறை, 1918-இல் போர்முனையில் அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அச்சேறியது. கணுக்களுக்கு எந்த வரிசையில் எண் கொடுப்பது என்பதற்கு 1969-இல் கட்ஹில், மக்கீ. நினைவகம் போதாத கணினியில் கூறு கூறாகச் சேர்த்துக்கொண்டே நீக்கிவிடும் முகப்பு முறைக்கு 1970-இல் புரூஸ் அயன்ஸ். அமைப்பை நடுவில் வெட்டி வெட்டி வரிசைப்படுத்தும் முறைக்கு 1973-இல் ஆலன் ஜார்ஜ். இன்று மம்ப்ஸ், பர்டீசோ போன்ற நிரல்களில் இவற்றின் வாரிசுகள் ஓடுகின்றன.

இவற்றைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வரும் கட்டடச் சட்டகங்களுக்கும் ஓட்டு மாதிரிகளுக்கும் நேரடி முறையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒருமுறை காரணிப்படுத்திவிட்டால் நூறு சுமை நிலைகளையும் சல்லிசாகத் தீர்க்கலாம். அதிர்வு அலைவெண்களைத் தேடும்போதும் அப்படியே. பரப்பாக விரிந்த அமைப்புகளில் காரணியில் புதிதாக முளைக்கும் எண்களும் அதிகமில்லை. மறுசெய்கை முறை நவீனமானது, ஆகவே வேகமானது என்று நம்பி, சில ஆயிரம் கணுக்கள் உள்ள மாதிரிக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

சிக்கல் கனமான முப்பரிமாணப் பொருள்களில் வருகிறது. ஒரு பக்கத்துக்கு 100 கணு வீதம் ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் கணுக்கள், 30 லட்சம் மாறிகள். எட்டுக் கணு செங்கல் கூறுகளில் ஒவ்வொரு வரிசையிலும் அதிகபட்சம் 81 எண்கள் வரும். சமச்சீரைப் பயன்படுத்திப் பாதியை மட்டும் வைத்தால் சுமார் 1 ஜிகாபைட். இப்போது ஜார்ஜின் முறைப்படி நடுவில் ஒரு தளத்தால் வெட்டுவோம். அந்தத் தளத்தில் 30,000 மாறிகள். காரணியில் அவை ஒன்றோடொன்று முழுக்கப் பின்னிக்கொள்ளும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் 45 கோடி எண்கள், 3.6 ஜிகாபைட், சுமார் 9 லட்சம் கோடி கணிதச் செயல்கள். இதை இன்றைய கணினி சமாளிக்கும். வலையை இரண்டு மடங்கு நுணுக்கமாக்கினால் மாறிகள் 8 மடங்கு ஆகும். அந்தத் துண்டின் நினைவகமோ 16 மடங்காகி 58 ஜிகாபைட்டைத் தொடும், வேலை 64 மடங்கு ஏறும். இன்னொரு முறை நுணுக்கினால் அது தனிக்கணினியின் எல்லையைத் தாண்டிவிடும்.

மறுசெய்கை முறைகள் திரும்பி வந்தது இந்த வாசல் வழியாக. வந்தவற்றில் முதன்மையானது, 1952-இல் மேக்னஸ் ஹெஸ்டனஸும் சூரிக்கின் எட்வர்ட் ஸ்டீஃபலும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் உள்ள காஞ்சுகேட் கிரேடியன்ட் முறை, புழக்கத்தில் சி.ஜி. அதைக் கட்டமைப்புப் பொறியாளரின் கண்ணால் பார்த்தால் எல்லாமே பழகிய பொருள்தான். மிச்சம் என்பது கணுக்களில் இன்னும் சமன்படாமல் நிற்கும் விசை, கிராஸின் அந்த 100-ஐப் போல. ஒவ்வொரு அடியிலும் இதுவரை தேடிய திசைகள் எல்லாவற்றையும் சேர்த்து மொத்த நிலையாற்றலை இயன்றவரை குறைக்கும் இடப்பெயர்ச்சிதான் விடை. நினைவில் வைக்க வேண்டியது அணியும் ஒரு கைப்பிடி திசையன்களும் மட்டும்.

ஆனால் அது பிறந்தபோது ஒரு தவறான வாக்குறுதியோடு பிறந்தது. மாறிகள் எத்தனையோ அத்தனை அடிகளில் துல்லியமான விடை வரும் என்பது கோட்பாடு. கணினியின் முழுமையாக்கல் பிழையில் அது நிற்கவில்லை. ஆகவே நேரடி முறைகளோடு போட்டியிட்டுத் தோற்று, ஒதுக்கி வைக்கப்பட்டது. 1971-இல் ஜான் ரீட், பெரிய ஐதான அணிகளில் (பெரும்பாலும் பூச்சியங்களே உள்ளவை) அது மாறிகளின் எண்ணிக்கையைவிட வெகு குறைந்த அடிகளிலேயே போதுமான விடையைத் தருவதைக் காட்டி, மறுசெய்கை முறையாகவே அதைப் பாருங்கள் என்றார். எத்தனை அடி என்பதைத் தீர்மானிப்பது அணியின் கண்டிஷன் எண்: மிகப் பெரிய ஐகன் மதிப்பை மிகச் சிறியதால் வகுத்தது. அடிகள் அதன் வர்க்கமூலத்தோடு ஏறும். கனப்பொருள் மாதிரியில் வலையின் அளவைப் பாதியாக்கினால் கண்டிஷன் எண் நான்கு மடங்கு, அடிகள் இரண்டு மடங்கு. மேலே சொன்ன கனசதுரத்தில் நேரடி முறைக்கு 64 மடங்கு ஏறும் வேலை, சி.ஜி.க்கு 16 மடங்குதான் ஏறும். அந்த 16-ஐ 8-க்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அதற்குப் பிந்தைய ஆராய்ச்சி முழுவதும்.

சிறிய ஐகன் மதிப்பு என்பது கட்டமைப்பில் எது? சொற்ப ஆற்றலில் நிறைய நகரக்கூடிய அசைவு. கட்டடத்தின் சாய்வு அப்படிப்பட்டது, மெல்லிய தகட்டின் வளைவும் அப்படித்தான். பெரிய ஐகன் மதிப்பு, பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் எதிரெதிராக நெளியும் அசைவு. பிரீகண்டிஷனர் என்பது விறைப்பு அணிக்கு ஒரு மலிவான பதிலி. சமன்படாத விசையைக் கொடுத்தால் தோராயமான இடப்பெயர்ச்சியைத் திருப்பித் தரும். இந்த இரண்டு வகை அசைவுகளையும் அது எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறதோ அவ்வளவு நல்லது.

முதல் தலைமுறைப் பிரீகண்டிஷனர்கள் அணியை மட்டும் பார்த்தன, அமைப்பைப் பார்க்கவில்லை. மூலைவிட்டத்தால் வகுப்பது எளிது. எஃகும் ரப்பரும் கலந்த மாதிரியில் அளவுமுரண்களைச் சீராக்கும், சாய்வை ஒன்றும் செய்யாது. 1977-இல் மையரிங்கும் வான் டெர் வோர்ஸ்டும் அரைகுறை ஷொலெஸ்கியைக் கொண்டுவந்தார்கள்: காரணிப்படுத்தும்போது புதிதாக முளைக்கும் எண்களைத் தூக்கிப் போட்டுவிடுவது. வெப்பக் கடத்தல் போன்ற கணக்குகளின் அணிகளில் இது பழுதில்லாமல் ஓடும் என்று நிறுவினார்கள். மீட்சியியல் அணிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மூலைவிட்டத்துக்கு வெளியே நேர்க்குறி எண்களும் வரும். எண்களைத் தூக்கிப் போடும்போது நடுவழியில் மூலைவிட்டம் எதிர்க்குறியாகி, வர்க்கமூலம் எடுக்க முடியாமல் கணக்கு நின்றுவிடும். 1980-இல் மான்டஃபல், மூலைவிட்டத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பிறகு காரணிப்படுத்தச் சொன்னார். 1984-இல் அஜீஸும் ஜென்னிங்ஸும், தூக்கிப் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஈடாக இரண்டு மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டி, எந்தக் கட்டமைப்பு அணியிலும் முறிந்துபோகாத வடிவத்தைத் தந்தார்கள். இவை அடிகளைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் வலையை நுணுக்க நுணுக்க அடிகள் ஏறுவது நிற்காது, ஏனென்றால் இதுவும் உள்ளூர்த் திருத்தம்தான்.

மொத்தத்தை நகர்த்தும் பாதியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது மல்டிகிரிட். 1960களில் சோவியத் ஒன்றியத்தில் ஃபெதரென்கோவும் பாக்வாலோவும் தொடங்கி, 1977-இல் ஆச்சி பிராண்ட் பரப்பிய முறை அது. நுண்வலையில் உள்ளூர்த் திருத்தம் சில சுற்று. மீதியைப் பருவலைக்கு இறக்கி அங்கே மொத்த அசைவுகளைத் திருத்துவது. பிறகு மேலே ஏறுவது. சரியாக அமைந்தால் வலை எவ்வளவு நுணுக்கமானாலும் அடிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் ஒரு என்ஜின் பாகத்தின் வலையிலிருந்து பருவலையை யார் வரைவது? 1987-இல் ரூகே, ஸ்டூபன் ஆகியோர் முறைப்படுத்திய இயற்கணித மல்டிகிரிட், பருவலையை அணியின் எண்களிலிருந்தே உருவாக்கும். திரவ ஓட்டக் கணக்குகளில் அது வெற்றி. கட்டமைப்புக் கணக்குகளில் அப்படியே போட்டபோது தடுமாறியது. ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தாங்கியில்லாமல் வெளியில் மிதக்கும் ஒரு துண்டு உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று திசைகளில் நகர்த்தலாம், மூன்று அச்சுகளில் மிகச் சிறிய அளவு சுழற்றலாம். இந்த ஆறிலும் அது உருக்குலையாது, ஆற்றல் செலவாகாது. பெரிய அமைப்பின் உள்ளே ஒரு சிறு பகுதியும் இந்த ஆறு அசைவுகளில் ஏறக்குறைய செலவில்லாமல் பயணிக்கிறது. மொத்தச் சாய்வு என்பதே பகுதி பகுதியாக இந்த ஆறின் தொகுப்புதான். நகர்வுகள் மூன்றும் எல்லாக் கணுக்களிலும் ஒரே எண். சுழற்சிகள் அப்படியல்ல, கணுவின் இடப்பெயர்ச்சி அதன் ஆயத்தொலைவைப் பொறுத்தது. அணியை மட்டும் பார்க்கும் முறைக்கு ஆயத்தொலைவு தெரியாது. அது நகர்வுகளை மட்டும் பருவலைக்கு இறக்கும், சுழற்சிகளைத் தவறவிடும். வளையும் உத்தரத்தின் ஒவ்வொரு துண்டும் சுழல்கிறது; அதைத் தவறவிட்டால் உத்தரத்தின் வளைவையே தவறவிட்டதாகிவிடும்.

1996-இல் வானெக், மாண்டல், பிரெஸினா முன்வைத்த வழுவழுப்பாக்கிய திரட்டல் முறை இதை நேராக எதிர்கொண்டது. கணுக்களைக் குழுக்களாகத் திரட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் அந்த ஆறு அசைவுகளையே பருவலையின் மாறிகளாக்கியது. கிராஸின் மாடி இங்கே குழுவாகியிருக்கிறது. மாடிச் சாய்வு ஆறு அசைவுகளாகியிருக்கிறது. 2004-இல் மார்க் ஆடம்ஸும் பெர்க்லியின் எலும்பு இயந்திரவியல் ஆய்வாளர்களும், முதுகெலும்புத் துண்டுகளின் உள்ளிருக்கும் கடற்பஞ்சு போன்ற எலும்பை 50 கோடிக்கும் மேற்பட்ட மாறிகளோடு இந்த முறையில் தீர்த்து கோர்டன் பெல் பரிசு பெற்றார்கள். அப்படிப்பட்ட வலையை நேரடி முறைக்குக் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். 2017-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு விமான இறக்கையின் உள்ளெலும்புகளை 100 கோடிக்கும் மேற்பட்ட வாக்ஸல்களில் வடிவமைத்ததும் மல்டிகிரிட்டைப் பிரீகண்டிஷனராக வைத்துத்தான்.

நடைமுறையில் பாதிப் புகார்கள் இந்த ஆறு அசைவுகளில் போய் முடிகின்றன. பெட்ஸி, டிரிலினோஸ் போன்ற நூலகங்களில் கணுக்களின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் ஆறு திசையன்களையும் அவையே கட்டிக்கொள்ளும். கொடுக்க மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு ஓடும், அடிகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மல்டிகிரிட் கட்டமைப்புக்குச் சரிப்படாது என்ற முடிவோடு ஆள் நேரடி முறைக்குத் திரும்பிவிடுவார். ஒரு கணுவுக்கு மூன்று மாறி என்ற தொகுதி அளவைச் சொல்லாமல் விடுவதும் இதே ரகம்.

அமைப்பைத் துண்டுகளாக்கித் தனித்தனிக் கணினிகளுக்குக் கொடுக்கும் முறைகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. 1991-இல் ஃபராவும் ரூவும் முன்வைத்த ஃபெட்டி முறையில், துண்டுகளுக்கு இடையேயான ஒட்டுவிசைகளே மாறிகள். எந்தத் தாங்கியும் இல்லாத துண்டு மிதக்கும். அதன் மேல் வரும் விசைகள் தமக்குள் சமன்பட்டால்தான் அதற்கு விடை உண்டு. ஒவ்வொரு மிதக்கும் துண்டுக்கும் ஆறு சமநிலை நிபந்தனைகள் எழுதினால் எல்லாத் துண்டுகளையும் இணைக்கும் ஒரு சிறிய மொத்தக் கணக்கு தானாகக் கிடைக்கிறது. பொறியியல் தேவைக்காக எழுதிய நிபந்தனைதான் வேகத்துக்கும் காரணம் என்பது பிறகே தெளிவானது. 1993-இல் மாண்டல் அதையே சமநிலைப்படுத்தும் பகுப்பு முறையில் வேண்டுமென்றே வைத்தார். 2001-இல் ஃபெட்டி-டிபி, 2003-இல் டோர்மனின் பிடிடிசி. இந்தக் குடும்பத்தில் கண்டிஷன் எண் துண்டின் அளவுக்கும் கூறின் அளவுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையின் வர்க்கத்தோடு மட்டுமே ஏறும். துண்டுகள் ஆயிரமா லட்சமா என்பது பொருட்டில்லை. சாண்டியா ஆய்வகத்தின் சலீனாஸ் நிரல் இந்த வழியில் 2002-இல் கோர்டன் பெல் பரிசு வாங்கியது.

இத்தனைக்குப் பிறகும் முரண்டு பிடிக்கும் கணக்குகள் உண்டு. 10 மீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஓட்டில், தளத்துக்குள் இழுக்கும் விறைப்புக்கும் வளைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம் 10 லட்சத்தின் வரிசை. வலையின் நுணுக்கம் அதன்மேல் வேறு. அங்கே நேரடி முறைதான் என் தேர்வு. ரப்பர் போன்ற, கனஅளவு மாறாத பொருளில் பாய்சான் விகிதம் 0.5-ஐ நெருங்க நெருங்கக் கண்டிஷன் எண் வெடிக்கும். அழுத்தத்தைத் தனி மாறியாக்கினால் அணி நேர்மறையாக இல்லாமல் போய், சி.ஜி.யை விட்டு 1975-இன் மின்ரெஸுக்கோ 1986-இன் ஜிஎம்ரெஸுக்கோ போக வேண்டும், பிரீகண்டிஷனரையும் இடப்பெயர்ச்சிக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று எனப் பிரித்து அமைக்க வேண்டும். தார்ச்சாலைக் கலவையில் மென்மையான பிட்டுமெனுக்குள் மிதக்கும் ஒவ்வொரு ஜல்லியும் அந்த ஆறு அசைவுகளில் ஏறக்குறைய சும்மா நகரும். டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் ஒவ்வொரு கல்லின் ஆறு அசைவுகளையும் கணக்கிலிருந்து தனியே பிரித்துத் தீர்த்துவிட்டு மிச்சத்தைச் சி.ஜி.க்குக் கொடுத்தார்கள். தொடுகைக் கணக்குகள்தான் இன்னும் அடங்காதவை: எந்தக் கணு எதைத் தொடுகிறது என்பதே ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால், கட்டிவைத்த பருவலை அடுத்த சுற்றுக்கு உதவுமா என்பது சந்தேகம்.

கிராபிக்ஸ் செயலிகள் வந்தபின் மதிப்பீடுகள் கொஞ்சம் தலைகீழாகியிருக்கின்றன. அரைகுறை ஷொலெஸ்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்க வேண்டியது. ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் செயலியில் அது பின்தங்கிவிட்டது. அணியைப் பெருக்குவது மட்டுமே தேவைப்படும் செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைத் திருத்தம் உள்ளூர்ப் பாதிக்கு விருப்பத் தேர்வாகியிருக்கிறது. 1983-இல் ஹியூஸ், லெவிட், விங்கெட் ஆகியோர் நினைவகப் பஞ்சத்துக்காக எழுதிய, அணியைச் சேர்க்காமல் கூறு கூறாகவே வேலை செய்யும் எண்ணமும் வேறு காரணத்துக்காகத் திரும்பியிருக்கிறது: இன்று கணக்கிடுவது மலிவு, நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்துவருவதுதான் செலவு. பிரீகண்டிஷனரை மட்டும் குறைந்த துல்லியத்தில் ஓட்டுவதும் அதனால்தான்.

பயன்படுத்துபவர் கையில் கடைசியாக இருப்பது எங்கே நிறுத்துவது என்ற ஒரு எண். பல நிரல்களில் அது 10 லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும்; சமன்படாத விசை ஆரம்ப அளவில் அத்தனை பங்காகக் குறைந்தால் நிறுத்து என்று பொருள். குட்டையான கனப்பொருளில் அது போதும். ஒல்லியான, நீளமான அமைப்பில் போதாது. கண்டிஷன் எண் 10 கோடி என்றால், மிச்ச விசை அவ்வளவு குறைந்த பிறகும் இடப்பெயர்ச்சி சரி என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எதிர்வினைகளைக் கூட்டிப் பார்த்தால் சுமையோடு ஒத்துப்போகும், ஏனென்றால் சமநிலை கிட்டத்தட்ட வந்துவிட்டது. முனையின் தொய்வு மட்டும் இன்னும் பாதி வழியில் நிற்கலாம். அந்த எண்ணை ஆயிரம் மடங்கு இறுக்கி ஒருமுறை ஓட்டி, அதிகபட்ச இடப்பெயர்ச்சி அசைகிறதா என்று பார்க்க ஆகும் கூடுதல் நேரம், நல்ல பிரீகண்டிஷனர் இருந்தால், முதல் ஓட்டத்தில் பாதிகூட இருக்காது.